அடுப்பு என்ன சொல்லுது... கேட்டீங்களா?

செல்போன் ஹேங் ஆனா உங்களுக்குப் பத்து வைத்தியம் தெரியும். பைக் ஸ்டார்ட் ஆகலைன்னா ப்ளக்கைக் கழற்றி ஊதிப் பார்ப்பீங்க. ஆனா, சமையலறையில் தினமும் மூணு வேளை எரியுற கேஸ் அடுப்பு திடீர்னு மஞ்சளா எரிஞ்சா..? ‘அதெல்லாம் அம்மா பாத்துப்பாங்க பாஸ்!’ இதுதானே உங்க பதில்?

அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க? யோசிச்சுப் பாருங்க!

சங்கராபுரம் பக்கம் எந்தக் கிராமத்துக்கு வேணும்னாலும் போங்க. தோட்டத்துப் பக்கம் ஒரு விறகு அடுப்பு, உள்ளே மேடை மேல ஒரு கேஸ் அடுப்புன்னு ரெண்டும் இருக்கிற வீடுகளைப் பார்க்கலாம். கல்வராயன் மலை மேல ஏறினா விறகின் ராஜ்ஜியம் இன்னும் கொஞ்சம் அதிகம். விறகு அடுப்பைப் பத்தி பாட்டிகளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எந்த விறகு புகையும், எது நின்னு எரியும், எப்போ ஊதணும், எப்போ சாம்பலைத் தள்ளணும்... எல்லாமே தலைமுறை தலைமுறையா வந்த பாடம்.

கேஸ் அடுப்பு அப்படி வரலை. 2007-ல் தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்புத் திட்டம், 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம்னு கிடுகிடுன்னு வந்து இறங்கிடுச்சு. அடுப்பு வந்தது, சிலிண்டர் வந்தது. பாடம் மட்டும் வரலை! ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி படிச்ச நீங்கதான் அந்த வீட்டுக்கு முதல் வாத்தியார். மாசம் ஒரு நாள், அரை மணி நேரம் ஒதுக்கினா போதும்.

‘இதுல என்ன பெரிய ஆபத்து?’ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு விஷயம். 2021 அக்டோபர் 26-ம் தேதி, தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னாடி, சங்கராபுரத்தில் ஒரு பட்டாசுக் கடை தீப்பிடிச்சு உயிர்கள் பறிபோனதை ஊர் இன்னும் மறக்கலை. பக்கத்து பேக்கரியில் இருந்த கேஸ் சிலிண்டர்களும் அந்தத் தீயில் வெடிச்சதா அப்போ செய்திகள் வந்தன. அன்னிக்குத் தீ பட்டாசில் ஆரம்பிச்சது. ஆனா, சிலிண்டர்னா என்னன்னு ஊருக்கே புரிஞ்ச நாள் அது.

சிலிண்டருக்குள்ள என்ன இருக்கு?

வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எல்.பி.ஜி. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அழுத்தத்தில் அடைச்சு வச்சிருக்கிறதால உள்ளே திரவமா இருக்கு. குலுக்கினா ‘சளக் சளக்’னு கேட்குதே, அதுதான். வெளியே வந்தா வாயு. ஒரு லிட்டர் திரவம் கிட்டத்தட்ட 250 லிட்டர் வாயுவா விரியும்!

சிலிண்டரில் இருந்து கிளம்புற கேஸை ரெகுலேட்டர் அடக்கி, சாதுவாக்கி அனுப்புது. அது டியூப் வழியா வந்து, திருகைத் தாண்டி, ‘ஜெட்’ங்கிற ஊசிமுனை ஓட்டையில் பீய்ச்சி அடிக்கும். அந்த வேகத்தில் பக்கத்தில் இருக்கிற காற்றையும் இழுத்துக்கிட்டு குழாய்க்குள்ள போய்க் கலந்து, பர்னர் ஓட்டைகள் வழியா வெளியே வந்து எரியுது. கேஸ் + காற்று... ரெண்டும் சரியான அளவில் சேர்ந்தா நீலத் தீ. காற்று குறைஞ்சா மஞ்சள் தீ. அடுப்பு பேசுற பாஷையே இவ்வளவுதான்!

இன்னொரு முக்கியமான சமாச்சாரம்... இந்த கேஸுக்குச் சொந்தமா வாசனை கிடையாது. கசிஞ்சா தெரியணும்னே ‘எத்தில் மெர்காப்டன்’னு ஒரு நாத்தம் பிடிச்ச வஸ்துவைக் கலக்குறாங்க. அதனால, அந்த நாத்தத்தைத் திட்டாதீங்க... அது உங்க வீட்டு வாட்ச்மேன்!

நோய் என்ன... மருந்து என்ன?

மஞ்சள் தீ, பாத்திரத்து அடியில் கரி: காற்று போதலைன்னு அர்த்தம். அடுப்பை அணைச்சு, ரெகுலேட்டரை மூடி, எல்லாம் ஆறின பிறகு பர்னர் தலையைக் கழற்றுங்க. வெந்நீரில் பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு ஊறவச்சு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ங்க. ஓட்டைகளில் அடைச்ச சாதக் கஞ்சியை மெல்லிய கம்பியால் தள்ளி விடலாம். நல்லா காய்ஞ்ச பிறகுதான் மாட்டணும். ஈரத்தோட மாட்டினா தீ திக்கித் திக்கி எரியும். அடுப்புக்கு அடியில் காற்று போற வழியையும் பாருங்க. சிலந்தி கூடு கட்டியிருக்கலாம், கரப்பான் குடித்தனம் நடத்தலாம்.

ரசம் பொங்கி வழிஞ்ச அன்னிக்கு மட்டும் ஒரு ஓரத்தில் மஞ்சளா பொறி பறக்குதா? பயப்படாதீங்க. அது உப்பில் இருக்கிற சோடியம் காட்டுற வித்தை. துடைச்சா போயிடும்.

தீ சின்னதா எரியுது: இங்கேதான் துப்பறியும் மூளை வேணும். ஒரு பர்னர் மட்டும் மந்தமா, இல்லை ரெண்டுமேவா? ஒண்ணு மட்டும்னா குற்றவாளி அந்த பர்னர், அதோட ஜெட் அல்லது திருகு. ரெண்டுமேன்னா டியூப் மடங்கியிருக்கலாம், ரெகுலேட்டர் மக்கர் பண்ணலாம் அல்லது சிலிண்டர் தீரப் போகுது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி ரிப்பேர் முடிஞ்சது.

‘டப்’னு சத்தம் போட்டு அணையுது: தீ உள்பக்கம் போய் எரியுதுன்னு அர்த்தம். உடனே அணைங்க. பெரும்பாலும் பர்னர் தலை சரியா உட்காராம கோணலா இருக்கும். ஆறின பிறகு எடுத்துத் திருப்பி வைங்க. மறுபடியும் அப்படியேன்னா மெக்கானிக்தான்.

தீ பர்னரை விட்டு எகிறிக் குதிக்குது: காற்று அதிகமாகவோ, கேஸ் வேகம் அதிகமாகவோ இருக்கு. ரெகுலேட்டரையும் அடுப்பையும் ஆள் வச்சுப் பார்க்கணும்.

திருகு இறுகிப் போச்சு: தேங்காய் எண்ணெய் விடுறது நம்ம ஊர் வைத்தியம். தயவுசெய்து வேண்டாம்! உள்ளே இருக்கிற கிரீஸ் சூட்டைத் தாங்குறதுக்குன்னே தயாரானது. சமையல் எண்ணெய் சூட்டில் பிசினா மாறி இன்னும் இறுகும். கிரீஸ் தேய்மானம் ஆனா அந்த வழியா கேஸும் கசியும். அடுப்பு ரிப்பேர் பண்றவர்கிட்ட கொடுங்க.

தொடாதே... தொடாதே!

ஜெட் ஓட்டையில் ஊசி, பின், கொண்டை ஊசி எதையும் விட்டுக் குத்தாதீங்க. பித்தளை ரொம்ப சாது. ஓட்டை ஒரு மயிரிழை பெருசானாலும் கேஸ் அதிகமா வரும், தீ மஞ்சளாகும், சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். புது ஜெட் மாத்துறதுக்கு ஆகுற செலவு அதைவிடக் கம்மி.

சிலிண்டர் தீரப் போகும்போது வெந்நீரில் உட்கார வைக்கிறது, படுக்க வச்சு உருட்டுறது... இந்த ரெண்டும் நம்ம வீடுகளில் நடக்கிற வீர விளையாட்டு. படுக்க வச்சா வாயுவுக்குப் பதிலா திரவமே ரெகுலேட்டருக்குள்ள பாயும். தீ எகிறும். அரை மணி நேர சாம்பாருக்காக உயிரைப் பணயம் வைக்கணுமா? சிலிண்டர் எப்பவும் நிமிர்ந்து நிக்கணும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கணும்.

ரெகுலேட்டரையும் சிலிண்டர் வால்வையும் நீங்களா பிரிச்சு மேயாதீங்க. அது ஏஜென்சி ஆளோட வேலை.

டியூப்... வீட்டின் நாடி!

மொத்த அமைப்பிலும் ரொம்ப பலவீனமான ஆள் இந்த ரப்பர் டியூப்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, கேஸ் கம்பெனிக்காரங்க தர்ற ஆரஞ்சு நிற ‘சுரக்ஷா’ டியூப்தான் போடணும். உள்ளே கம்பி வலை இருக்கிறதால எலி கடிச்சாலும் கொஞ்சம் தாங்கும். ஆயுள் 5 வருஷம். பார்க்கப் புதுசா இருந்தாலும் மாத்திடணும். ‘அழகா இருக்கட்டும்’னு துணி உறை தைச்சுப் போடுற அக்காக்களே... அந்த உறைக்குள்ள வெடிப்பு விட்டா யாருக்குத் தெரியும்? டியூபை அடுப்புக்கு அடியில் சூடு படுற மாதிரியும் விடக் கூடாது.

சோதனை ரொம்ப ஈஸி. ஒரு டம்ளர் தண்ணியில் சோப்பைக் கரைச்சு, டியூப் சேர்ற ரெண்டு முனையிலும் ரெகுலேட்டர் மேலேயும் தடவுங்க. ரெகுலேட்டரைத் திறந்து, அடுப்புத் திருகுகளை மூடியே வச்சுப் பாருங்க. நுரை முட்டை விட்டா கசிவு. தீக்குச்சி கொளுத்தி சோதிக்கிற சூரப்புலிகள் நம்ம ஊரில் இன்னும் இருக்காங்க... அவங்க பக்கத்தில் நிக்காதீங்க!

சிலிண்டர் வந்தா சும்மா வாங்காதீங்க

சிலிண்டர் போடுற அண்ணன் மணி அடிச்சா, நீங்க எழுந்து போங்க. அம்மாவை அனுப்பாதீங்க. நாலு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, சீல் உடையாம இருக்கா? ரெண்டு, எடை. காலி சிலிண்டரோட எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். அதோட 14.2-ஐக் கூட்டுங்க. சந்தேகம் வந்தா எடை போட்டுக் காட்டச் சொல்றது உங்க உரிமை. மூணு, மேல் வளையத்தின் உள்பக்கப் பட்டியில் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். ‘ஏ’ன்னா மார்ச், ‘பி’ன்னா ஜூன், ‘சி’ன்னா செப்டம்பர், ‘டி’ன்னா டிசம்பர். ‘பி 29’னு இருந்தா, 2029 ஜூன் முடியுறதுக்குள்ள அந்த சிலிண்டரை மறுபரிசோதனைக்கு அனுப்பியாகணும். தேதி தாண்டினதை வாங்காதீங்க. நாலு, மூடியைக் கழற்றி வால்வில் ரெண்டு சொட்டுத் தண்ணி விடச் சொல்லுங்க. குமிழி வந்தா உள்ளே இருக்கிற வாஷர் போச்சு. மாத்தச் சொல்லுங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு நாத்தம் அடிச்சா..?

இந்தப் பத்தியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமா படிச்சுக் காட்டுங்க.

லைட் போடாதீங்க. எரியுற லைட்டை அணைக்கவும் செய்யாதீங்க. சுவிட்ச்சைப் போட்டாலும் பொறி, அணைச்சாலும் பொறி. ஃபேன், காலிங் பெல், செல்போன் எதுவும் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது. புகை மாதிரி மேலே போகாது, தண்ணி மாதிரி தரையில் பரவி நிக்கும். அதனால ஜன்னலோட கதவுகளையும் அகலத் திறங்க. அடுப்புத் திருகையும் ரெகுலேட்டரையும் மூடுங்க. முடிஞ்சா ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடி போடுங்க. குழந்தை குட்டிகளோட வெளியே வாங்க. ஃப்ரிட்ஜ் தானாகவே ஓடி நிக்கிற மெஷின். அதுவும் ஒரு பொறிதான். அதனால, உள்ளே நின்னு வேடிக்கை பார்க்காதீங்க. தெருவுக்கு வந்த பிறகு 1906-க்கு போன் போடுங்க. கேஸ் கசிவுக்கான 24 மணி நேர அவசர எண் இது. தீப்பிடிச்சிருந்தா, 101.

ரூம் பசங்க கவனத்துக்கு...

நாலு பேர் சேர்ந்து வாடகை ரூம் எடுத்துத் தங்கி, கட்டில் காலடியில் குட்டி அடுப்பு வச்சுச் சமைக்கிற பாச்சிலர்களே... பெரிய சிலிண்டரில் இருந்து சின்ன சிலிண்டருக்கு கேஸ் மாத்தித் தர்ற கடைப் பக்கம் போகாதீங்க. அது சட்டப்படி குற்றம், அதைவிடப் பெரிய ஆபத்து. 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமலே, அடையாள அட்டை காட்டி ஏஜென்சியில் வாங்கலாம்.

ஜன்னலை இறுக்கி மூடிட்டு எந்த அடுப்பையும் எரிக்காதீங்க. காற்று போதாம எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். மெர்காப்டன் மாதிரி இது கூவி அழைக்காது. நிறம் இல்லை, மணம் இல்லை. தலைவலி, மயக்கம், தூக்கம்... அவ்வளவுதான். மார்கழிக் குளிரில் அறைக்குள்ள கரி மூட்டிப் படுக்கிறதும், காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் போடுறதும் ஆபத்தாவது இதனாலதான்.

கனடா, அமெரிக்கான்னு செட்டில் ஆன அக்கா, அண்ணன் இருந்தா அவங்களையும் விசாரிங்க. அங்கே குளிர்காலத்தில் வீட்டையே சூடாக்க ‘ஃபர்னஸ்’னு ஒரு பெரிய கேஸ் அடுப்பு, பெரும்பாலும் நிலவறையில் ஓடும். அதுக்கும் இதே பாஷைதான்... நீலம் நல்லது, மஞ்சள் ஆபத்து. காற்று வடிகட்டியை அடிக்கடி மாத்தணும். வருஷம் ஒரு தடவை, குளிர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கணும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கையறைப் பக்கம் மாட்டியிருக்காங்களான்னு கேளுங்க. அக்கா ஆச்சரியப்பட்டுப் போவாங்க!

ஒரு குட்டி டைம்டேபிள்

தினமும் ராத்திரி: ரெகுலேட்டர் ஆஃப்.
வாரம் ஒரு நாள்: அடுப்பு மேலேயும் அடியிலேயும் துடைக்கிறது.
மாசம் ஒரு நாள்: பர்னர் குளியல், சோப்புத் தண்ணி சோதனை.
வருஷம் ஒரு தடவை: மெக்கானிக் கையில் சர்வீஸ்.
5 வருஷம்: புது டியூப், ஏஜென்சி ஆளை வரவழைச்சு முழுப் பரிசோதனை.

இதில் ஆம்பளை வேலை, பொம்பளை வேலைன்னு ஒண்ணும் கிடையாது. சாப்பிடுற எல்லோரோட வேலையும்தான். இன்னிக்கு ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சிட்டு, அப்படியே கொஞ்சம் குனிஞ்சு அந்த டியூபில் அச்சடிச்சிருக்கிற வருஷத்தைப் படிங்க. தேதி தாண்டியிருந்தா... நாளைக்குக் காலையில் முதல் வேலை எதுன்னு உங்களுக்கே தெரியும்!