இது வேற 'சதி'! புத்தர் சொன்ன மைண்ட்ஃபுல்னஸ் என்ன தெரியுமா?

'கண்ணை மூடினாலே இ.எம்.ஐ தேதி, கேஸ் புக்கிங்னு ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. நமக்கெல்லாம் தியானம் செட்டாகாது!' - ஆப் டவுன்லோடு செய்து, நாலே நாளில் அதை அழித்துவிடுபவர்கள் சொல்லும் காரணம் இது. மனதில் எண்ணமே வரக்கூடாது என்று நினைப்பதுதான் சிக்கல். புத்தர் அப்படிக் கேட்கவே இல்லை.

சதி என்றால் நினைவு

மைண்ட்ஃபுல்னஸுக்குப் பாலி மொழியில் 'சதி' என்று பெயர். நம்மூர் சூழ்ச்சி அல்ல; சமஸ்கிருத 'ஸ்மிருதி'யின் பாலி வடிவம். பொருள், நினைவு. இப்போது என்ன நடக்கிறது என்பதை மறக்காமல் இருப்பது.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? 'சதிபட்டான சுத்தம்' நான்கைச் சொல்கிறது. உடல், இன்ப துன்ப உணர்வுகள், மனநிலை, தம்மங்கள். சோம்பல், சந்தேகம் போன்ற மனத்தடைகள் நான்காவதில் வரும். நடப்பது, சாப்பிடுவது மட்டுமல்ல, கழிவறைக்குப் போவதுகூட இந்தப் பட்டியலில் உண்டு. கோபம் வந்தால், 'கோபம் வந்திருக்கிறது' என்று அறிய வேண்டும். அதுதான் பயிற்சி.

மனம் ஓடினால் தோல்வியா?

பர்மாவின் மஹாசி சயாடோ எளிய வழி ஒன்றைப் பரப்பினார். மூச்சால் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்க வேண்டும். மனம் எங்காவது ஓடினால், 'நினைக்கிறது' என்று குறித்துக்கொண்டு திரும்ப வேண்டும். மனம் ஓடியதைக் கண்டுபிடிக்கும் அந்த நொடியே சதிதான்!

கவனம் மட்டும் போதாது

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், வலியாலும் மன அழுத்தத்தாலும் தவித்தவர்களுக்கு ஜான் கபாட்-ஜின் இதைப் பயிற்சியாக்கினார். அங்கிருந்துதான் இது மருத்துவமனை, ஆபீஸ், ஆப் என்று பரவியது.

ஆனால் பௌத்தத்தில் இது தனிச்சரக்கு அல்ல. எண்வழிப் பாதையில் ஏழாவது படி. நல்ல பேச்சு, நல்ல செயல், நேர்மையான பிழைப்பு எல்லாம் கூடவே வரும். பிக்பாக்கெட் அடிப்பவருக்கும் கூர்மையான கவனம் உண்டு. அதற்குப் பெயர் நற்சதி அல்ல!

ஒரு விஷயம்: மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், நாள்கணக்கில் நடக்கும் மௌன முகாம்களுக்குப் போகும் முன் டாக்டரைக் கேட்பது நல்லது.

மற்றவர்கள் இன்றே தொடங்கலாம். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் சூடாகப் பதில் டைப் செய்கிறீர்களா? அனுப்பும் முன், 'கோபம் வந்திருக்கு' என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். அனுப்புவதா, அழிப்பதா என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கும்.