ஒலிக்கோப்பின் பகுதிகளை நிரல்வழி ஒலியடக்கல்

ஒலிக்கோப்பின் நீளம் மாறாமல், அதில் குறிப்பிட்ட சில நொடிகளை மட்டும் ஓசையற்றதாக ஆக்குவது ஒலியடக்கல் எனப்படும். நேரப்பட்டியலைக் கொடுத்து இவ்வேலையைக் கணினியையே செய்ய வைப்பது நிரல்வழி ஒலியடக்கல் ஆகும். நேர்காணலில் தற்செயலாக வந்துவிட்ட தொலைபேசி எண், பிறர் பெயர், திரைப்படத்தில் தணிக்கை வாரியம் நீக்கச் சொன்ன சொல் முதலியவை இவ்வாறு மறைக்கப்படுகின்றன.

வெட்டுதல் வேறு, அடக்குதல் வேறு. 3 நொடியை வெட்டினால் அதன்பின் வருவன எல்லாம் 3 நொடி முன்னே நகரும். உதட்டசைவும் குரலும் பொருந்தா. நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட ஒற்றைத்தடக் கோப்பில் 3 நொடி என்பது 1,32,300 எண்கள். அடக்கும்போது அவை அனைத்தும் 0 ஆகின்றன; எண்ணிக்கை குறைவதில்லை.

படச்சுருள் காலம்

டி. ஆர். சுந்தரம் 1930களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்சைத் தொடங்கிய காலத்தில், பேசும்படத்தின் ஒலி படச்சுருளின் ஓரத்தில் ஒளித்தடமாகப் பதிந்திருந்தது. சுருளை வெட்டி ஒட்டிய இடம் திரையரங்கில் 'டப்' என்று கேட்கும். அதை அடக்க ஒளித்தடத்தின் மேல் கறுப்பு மை பூசுவது அன்றைய திரைத்தொழிலில் உலகெங்கும் இருந்த வழக்கம். சதுரமாகப் பூசினால் மையின் விளிம்பே ஓசை எழுப்பும் என்பதால் முக்கோணமாகப் பூசினர்.

இன்றைய நிரலிலும் இதே சிக்கல்தான். அலை உயர்ந்திருக்கும்போது திடீரென 0 ஆக்கினால் 'டிக்' எனக் கேட்கும். ஆகவே இரு முனைகளிலும் சுமார் 10 மில்லிநொடிக்கு ஒலியளவைப் படிப்படியாக இறக்கி ஏற்றுவர். இந்தச் சரிவு மறைக்க வேண்டிய சொல்லுக்கு வெளியே அமைய வேண்டும். உள்ளே அமைந்தால் முதல் எழுத்து கேட்டுவிடும்.

செய்முறை

ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருளில் கேட்டுக்கொண்டே, மறைக்க வேண்டிய இடங்களைக் குறிக்கலாம். அக்குறிகளை உரைக்கோப்பாக எடுத்தால் ஒவ்வொரு வரியிலும் தொடக்க நொடி, முடிவு நொடி, குறிப்பு ஆகியவை இருக்கும். சிறிய பைத்தான் நிரல் ஒன்று அவ்வரிகளைப் படித்து, 'இந்த நொடி முதல் இந்த நொடி வரை ஒலியளவு 0' என்று எஃப்எஃப்எம்பெக் மென்பொருளுக்குக் கட்டளையிடும். நூறு கோப்புகளானாலும் ஒருமுறை இயக்கினால் போதும்.

இடத்தைக் கணினியே கண்டுபிடிக்குமா?

ஒலியின் அளவைக் கணினி அறியும். பொருளை அவ்வளவு எளிதில் அறியாது. எஃப்எஃப்எம்பெக்கின் அமைதி காணும் வசதி, இயல்பாக -60 டெசிபலுக்குக் கீழே 2 நொடி நீடித்தால் அதை அமைதி என்று கொள்ளும். பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில் தறி ஓடும்போது எடுத்த பதிவில் அந்த அளவுக்கு அமைதி கிடைக்காது. தறியோசையையும் அமைதியாகக் கொள்ளும்படி எல்லையை உயர்த்தினால், சன்னக் குரலில் பேசும் பாட்டியின் சொற்களும் அதோடு போய்விடும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களோ ஆட்பெயர், ஊர்ப்பெயர்களில் தடுமாறுகின்றன. மறைக்க வேண்டியவையும் பெரும்பாலும் அவையே. எனவே குறியிடும் வேலைக்கு மனிதக் காது தேவை.

கவனிக்க வேண்டியவை

ஒலியளவை 0 ஆக்காமல் வெறுமனே குறைத்து வைத்தால், மற்றொருவர் அதைப் பெருக்கிக் கேட்டுவிட முடியும். இரட்டைத்தடக் கோப்பில் ஒரு தடத்தை மட்டும் அடக்கினாலும் பயனில்லை. மூலக்கோப்பின் மேலேயே எழுதாமல் புதிய கோப்பாகச் சேமித்து, மூலத்தைத் தனியே பூட்டி வைக்க வேண்டும். ஒலியில் மறைத்த பெயர் எழுத்துப்படியிலோ வசனவரியிலோ கோப்பின் பெயரிலோ அப்படியே நிற்பதும் உண்டு. வெளியிடும் முன் இவற்றைப் பார்ப்பதுடன், பட்டியலில் உள்ள ஒவ்வொரு நேரத்திலும் புதிய கோப்பை ஹெட்போனில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.