டைலைப் பெயர்க்காமல் அடியில் அறுந்த கம்பியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் குளியலறை டைலுக்கு அடியில் மின்கம்பி பதித்துத் தரையைச் சூடாக்குவார்கள். டைல் ஒட்டி முடித்தபின் தரை சில்லென்றே இருந்தால்? பல நேரம் காரணம், டைல் ஒட்டியவரின் கரண்டி முனைதான். கம்பியின் தடிமன் சில மில்லிமீட்டரே. ஒரு கீறல் போதும்.

உடனே கடப்பாரையைத் தேடாதீர்கள்!

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, எலக்ட்ரீஷியன் முதலில் மல்டிமீட்டரால் மின்தடையை அளப்பார். தயாரிப்பாளர் குறித்துத் தந்த ஓம் அளவு வந்தால் கம்பி அறவில்லை. முடிவிலி காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. எங்கே?

கிணற்றுக்குள் குரல் கொடுத்திருக்கிறீர்களா? ஆழம் கூடக்கூட எதிரொலி தாமதமாக வரும். இங்கும் அதே கதைதான். ஒரு கருவி கம்பிக்குள் மின்துடிப்பை அனுப்பும். அறுந்த முனையில் மோதி அது திரும்பும். போய்வந்த நேரத்திலிருந்து தூரம் தெரிந்துவிடும். 10 மீட்டர் போய்வர நொடியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்குதான்!

ஆனால் கம்பி வளைந்து வளைந்து ஓடுகிறதே? அதனால் கம்பிக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்துப் பழுதான இடத்தைச் சூடேற்றி, வெப்பக் கேமராவில் பார்ப்பார்கள். திரையில் ஒரு புள்ளி மட்டும் பளிச்சிடும்.

ஒரே ஒரு டைலைப் பெயர்த்து, கம்பியை இணைத்து, நீர் புகாத உறை போட்டால் போதும். அதே நிறத்தில் மாற்று டைல் கிடைப்பதுதான் பெரும்பாடு!