கடல் மறித்த கடிதங்கள்

பினாங்கின் டத்தோ கிராமாட் வட்டாரத் தமிழர்க்கு, ‘ரஜூலா’ முதலிய கப்பல்கள் நாகப்பட்டினத்திலிருந்து சுமந்துவந்த தபாலே பந்துக்களின் க்ஷேமசமாசாரமாக இருந்துவர, 1941 டிசம்பர் 19-ல் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றியதும் அது அடியோடு அற்றுப்போயிற்று. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்து, பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் சிறைப்பட்டபோது, ஊரிலிருந்த தாய்மார்க்கு மகன் உயிரோடிருப்பதை அறிவதும் அரிதாயிற்று.

முதல் மகாயுத்தத்திலாவது, பிரிட்டிஷ் ராணுவம் அச்சிட்டளித்த அட்டையில் வேண்டாத வாக்கியங்களை அடித்துவிட்டு, ‘நலம்’ என்னும் வரியை மாத்திரம் நிறுத்தி, தேதியும் கையொப்பமும் இட்டு அனுப்பலாம். வேறொரு சொல் சேர்த்தால் அட்டையே அழிக்கப்படும். கஞ்சத்தனந்தான், ஆயினும், மகனுடைய கையெழுத்தாவது வீடு வந்து சேர்ந்ததே! மலாயாவில் சிக்கியவர்களுக்கோ, 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் பினாங்குக்குத் திரும்பிய பின்னரே வழக்கமான கடல் கடந்த தபாலுக்கு வழி திறந்தது.