தமுக்கத்தில் விழா, தெருவில் பூட்டு!

தம்பி!

மதுரைத் தமுக்கம் மைதானத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்குப் போயிருப்பாய். பந்தல் நிறையத் தலைகள். பை நிறையப் புத்தகங்கள். தந்தையின் தோளில் குழந்தை. குழந்தையின் கையில் படக்கதை. நாயக்கர் ஆண்ட நாளில் யானைச் சண்டை நடந்த இடம் என்பார்கள் அதை. யானை மோதிய களத்தில் இன்று எண்ணங்கள் மோதுகின்றன!

2022 முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாவுக்கு அரசே துணை நிற்கிறது. பொருநை என்றும் வைகை என்றும் ஆற்றின் பெயரால் இலக்கியத் திருவிழாக்கள் நடந்தன. உனக்கெதற்கடா ஏடு என்று விரட்டப்பட்டவனின் பேரன், இன்று காசு கொடுத்து ஏடு வாங்கி மார்போடு அணைத்து வருகிறான். அதைக் கண்டு மகிழாத மனம் மனமா? மரக்கட்டை!

ஆனால் தம்பி, பந்தலைப் பிரித்த மறுநாள் நீ எங்கே உட்கார்ந்து படிக்கிறாய்?

இதைக் கேட்கிற நானும் குற்றவாளிதான். விழா மேடையில் ஏறினால் எங்களுக்கு இறங்கத் தெரிவதில்லை. நாங்கள் பேசி முடிப்பதற்குள் கடைக்காரர்கள் படுதாவை இறக்கிவிடுகிறார்கள். கைதட்டியவன், பெரிய அப்பளம் ஒன்றைத் தின்றுவிட்டு, புத்தகம் வாங்காமலே பேருந்து ஏறுகிறான். பேச்சைக் கேட்பது படிப்பதாகாது, பேசுகிறவனே ஒப்புக்கொள்கிறேன்.

விழா என்ற பெயரே இல்லாமல் ஆண்டு முழுதும் புத்தகத் திருவிழா நடந்த இடம் மதுரையில் ஒன்று உண்டு. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம். கல் தூணுக்குக் கல் தூண் கடைகள். ஒரு பக்கம் தையல் இயந்திரத்தின் கடகடப்பு. மறுபக்கம் பாத்திரம், வளையல். இடையிடையே புத்தகக் கடைகள். இ.மா.கோபாலகிருஷ்ணக் கோன் போன்ற பதிப்பாளர்களின் முகவரியே ‘மதுரை, புதுமண்டபம்’ என்றுதான் இருக்கும்.

அங்கே என்ன விற்றது? அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, நல்லதங்காள், மதுரை வீரன், விக்கிரமாதித்தன். எல்லாம் ‘பெரிய எழுத்து’! புராணப் புழுகு, பொழுதுபோக்குக் குப்பை என்று நம்மவர்கள் அவற்றை ஏளனம் செய்ததுண்டு. கதையைப் பற்றி என் கருத்து இன்றும் மாறவில்லை. எழுத்தைப் பற்றி மாறியிருக்கிறது. எழுத்தை ஏன் பெரிதாக அச்சிட்டார்கள்? வாங்கியவன் பண்டிதன் அல்லன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன். சிம்னி விளக்கின் மங்கிய ஒளியில் படிப்பவன். அவன் ஒருவன் உரக்கப் படிக்க, திண்ணையில் பத்துப் பேர் கேட்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு மாட்டு வண்டி கட்டி வந்தவன், ஊர் திரும்பும்போது மகளுக்கு வளையலும் திண்ணைக்குப் புத்தகமும் வாங்கிப் போனான். 1901இல் பாண்டித்துரைத் தேவர் இதே மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவினார். அங்கே புலவர்கள் சுவடி ஆய்ந்தார்கள். அரும்பணி, ஐயமில்லை. கூலிக்காரன் கைக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தவை புதுமண்டபத்துக் கடைகள்தாம். அவை இப்போது அங்கே இல்லை. அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் பெயர்ந்துவிட்டன.

அந்தத் திண்ணையின் தம்பிதான் நம்முடைய படிப்பகம். ஹார்வி மில்லில் பகலெல்லாம் நூல் நூற்றவன், இரவிலே நூல் படித்தான். முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஒருவன் ஏட்டை உரக்கப் படிக்க, மற்றவர்கள் வாதாடினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் பேச்சாளனும் வந்தான், எழுத்தாளனும் வந்தான்.

திண்ணை இருந்தால் என்ன, போனால் என்ன, திருவிழாதான் இருக்கிறதே என்பாயானால், கடல் கடந்த கதை ஒன்றைக் கேள்.

பிரிட்டனில் வேல்ஸ் என்றொரு நாடு. அதிலே ஹே-ஆன்-வை என்னும் சிற்றூர். ஏறத்தாழ 2,000 பேர். 1960களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் பூத் என்பவர் அங்கே பழைய புத்தகக் கடை வைத்தார். கடை கடையாய்ப் பெருகி, ஊரே புத்தக ஊராயிற்று. 1977 ஏப்ரல் முதல் நாள், ‘இந்த ஊருக்கு நானே அரசன்’ என்று முடிசூட்டிக்கொண்டார் வேடிக்கை மனிதர்! 1988இல் இலக்கிய விழா தொடங்கியது. இன்று உலகப் புகழ்.

அதே வேல்ஸின் தெற்கே நிலக்கரிச் சுரங்கங்கள். அங்குள்ள தொழிலாளர், அரசையும் கேட்கவில்லை, ஆண்டையையும் கேட்கவில்லை. தங்கள் கூலியிலிருந்து பென்னி பென்னியாகப் பிடித்துக் கொடுத்து, ஊருக்கு ஊர் நூலகம் கட்டினார்கள். ட்ரெடிகர் என்ற ஊரில் அப்படிப்பட்ட நூலகத்தில் படித்தவர் அனைரின் பெவன்; 13 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர்; பின்னாளில் அந்த நூலகக் குழுவுக்கே தலைவர். 1948இல் அமைச்சராக இருந்து, ஏழைக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய மருத்துவத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவரே.

சுரங்கங்கள் மூடின. நூலகங்களும் மூடின. கரிபடிந்த விரல்கள் புரட்டிய புத்தகங்கள் கட்டுக் கட்டாக விலைக்குப் போயின. எஞ்சியதைக் காக்க 1973இல் ஸ்வான்சியில் தனி நூலகம் அமைக்க வேண்டியதாயிற்று. விழா வளர்ந்தது தம்பி, படிப்பகம் செத்தது! ஒரே நாட்டில், ஒரே தலைமுறையில்!

நமக்கு அந்த நிலை வரவேண்டியதில்லை. பெவன் திட்டம் வந்த அதே 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள், கவனித்திருக்கிறாயா? வாடகை வீட்டில் இருந்தாலும், வாடகைக்குள் ஒளிந்துகொண்டு அது உன் பையிலிருந்துதான் போகிறது. 2023 ஜூலை 15இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது; 2 இலட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு. பெருமைதான். ஆனால் மேலூரில் சுமை இறக்குகிறவனும் திருமங்கலத்தில் பட்டறை வேலை பார்ப்பவனும் அன்றாடம் அங்கே வர முடியுமா? அவனுக்கு வேண்டியது அடுத்த தெரு நூலகம். அவன் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் அது திறந்திருக்கிறதா? போய்ப் பார். பூட்டியிருந்தால் மனு எழுது. பத்துப் பேர் கையெழுத்து வாங்கு. இனாம் கேட்கவில்லை நீ. கட்டிய வரிக்குக் கணக்குக் கேட்கிறாய்.

அடுத்த திருவிழாவுக்குத் தனியாக வராதே. தெருவுக்குப் பத்துப் பேர், ஆளுக்கு 100 ரூபாய், 1,000 ரூபாய். பத்து விழுக்காடு கழிவும் உண்டு. வாங்குவதை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் படிப்பகத்தில் வை. உங்கள் தெருவிலும் ஒரு படிப்பகம் இருக்குமே. கொடிக்கம்பம் பக்கத்தில், சுவரிலே பெயர் மட்டும் பளிச்சென்று! அதன் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்பு.