எழ மறுக்கும் கணினி

கணினியின் பொத்தானை அழுத்துகின்றோம். விசிறி சுழலும் ஓசை கேட்கின்றது, விளக்கும் எரிகின்றது. ஆயினும் நாள்தோறும் தோன்றும் திரை இன்று தோன்றவில்லை. அதனுள்ளே மாணவர் ஒருவரின் ஆய்வுக் கட்டுரை இருக்கலாம். வணிகர் ஒருவரின் ஆண்டுக் கணக்கு இருக்கலாம். இறந்துபோன ஒருவரின் நிழற்படங்கள் இருக்கலாம். எல்லாம் போயிற்று என மனம் அஞ்சுவது இயல்பே. அவ்வேளையில் யாரேனும் வந்து, "அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிப்பதே வழி" என்று கூறினால், நாமும் இசைந்துவிடுகின்றோம். ஆனால் எழாத கணினி வேறு, அழிந்த கணினி வேறு. இவ்வேறுபாட்டை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

கணினி விழித்தெழுவது ஒரே செயலன்று. ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் பல செயல்களின் தொடராகும். முதலில், தாய்ப்பலகையில் பதிக்கப்பட்டுள்ள சிறு செய்நிரல் உறுப்புகளைச் சோதிக்கின்றது. பின்னர் அது வன்வட்டில் தொடக்கக் கோப்புகளுக்கென ஒதுக்கப்பட்ட சிறு பிரிவைத் தேடுகின்றது. அங்குள்ள குறிப்பேடு, விண்டோஸ் எனும் பணிசெயல் முறைமை எவ்விடத்தில் உள்ளது என்பதைக் காட்டுகின்றது. அதன்பின் முறைமையின் கருப்பகுதியும், உறுப்புகளை இயக்கும் செய்நிரல்களும் நினைவகத்தில் ஏறுகின்றன. இத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் கணினி எழாது. நம்முடைய கோப்புகளோ இத்தொடரில் இடம்பெறுவனவல்ல. வாயிற்கதவு திறக்கவில்லை என்பதால் வீட்டினுள்ளே இருக்கும் பெட்டகம் கெட்டுவிடுவதில்லை அல்லவா?

இதற்குச் சான்றாக, உலகமே கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். 2024 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் திகதி, இலங்கை நேரப்படி காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்ட்ரைக் எனும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளரின் கணினிகளுக்குச் சிறு கோப்பொன்றை அனுப்பியது. அக்கோப்பு 21 தரவுகளைக் கருதி அமைக்கப்பட்டிருந்தது; கணினியிலிருந்த செய்நிரலோ 20 தரவுகளையே வழங்கியது. இல்லாத இருபத்தோராவதைத் தேடிச் செய்நிரல் நினைவகத்தில் தனக்கு உரியதல்லாத இடத்தைப் படிக்க முற்பட்டது, விண்டோஸ் நிலைகுலைந்தது. 78 நிமிடங்களுள் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. எனினும் அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என மைக்ரோசொப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. விமானப் பயணங்கள் நின்றன. மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. திருத்திய கோப்பு ஆயத்தமாக இருந்தும், எழமுடியாத கணினிகள் அதனைப் பெற இயலவில்லை. பரிகாரம் யாது? பணியாளர் கணினிகளை ஒவ்வொன்றாக அணுகி, மீட்புச் சூழலுள் நுழைந்து, அந்த ஒரு கோப்பை நீக்கினர். "டெல்" எனும் ஒற்றைக் கட்டளை அதற்குப் போதுமானதாயிற்று. உள்ளிருந்த ஏனைய கோப்புகள் யாவும் இருந்தவாறே இருந்தன.

அம்மீட்புச் சூழல் நம் வீட்டுக் கணினியிலும் உண்டு. விண்டோஸ் அடுத்தடுத்துத் தொடங்கத் தவறுமானால், அது தானாகவே தோன்றும். தோன்றாவிடின், வேறொரு கணினியில் ஆயத்தஞ்செய்த யூ.எஸ்.பி. சாதனத்தின் வழியாக அதனை எழுப்பலாம். அதில் "ட்ரபிள்ஷூட்", "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்", "கொமாண்ட் ப்ரொம்ப்ட்" என்பவற்றை முறையே தெரிந்தால் கரிய திரையொன்று விரியும். படங்களும் சின்னங்களும் அங்கில்லை. நாம் எழுதும் சொல்லே கட்டளை. இச்சூழல் பழுதுற்ற விண்டோஸைச் சார்ந்து நிற்பதன்று. நினைவகத்தில் தனியே இயங்குவது. ஆதலாலேயே முறைமை விழுந்த பின்னரும் இது நிற்கின்றது.

இங்கே முதற்பணி, இடமறிதல். வழக்கமாகச் "சி" எனப்படும் வட்டுப்பிரிவு இச்சூழலில் "டி" என மாறித் தோன்றக்கூடும். "டிஸ்க்பார்ட்" என எழுதி, பின்னர் "லிஸ்ட் வொலியூம்" என எழுதினால், பிரிவுகளின் பட்டியல் கிடைக்கும். பார்த்தவுடன் "எக்ஸிட்" என எழுதி வெளியேறுக. ஏனெனில், அங்கே வட்டொன்றைத் தெரிந்துகொண்டு "கிளீன்" என்று எழுதினால், அவ்வட்டின் பிரிவுகள் பற்றிய பதிவு முழுவதும் அழிந்துவிடும். அது துப்புரவு செய்யும் சொல் என எண்ணி ஏமாறலாகாது.

இரண்டாவது பணி, பொருளைக் காத்தல். திருத்தத் தொடங்குமுன் கோப்புகளை வெளி வட்டொன்றுக்குக் கொப்பி செய்க. "ரோபோகொப்பி" எனும் கட்டளை இதற்கு ஏற்றது. எனினும் படிக்கமுடியாத கோப்பு எதிர்ப்படின், அது 30 விநாடிக்கு ஒருமுறையாகப் பத்து இலட்சம் தடவை முயலும் இயல்புடையது. ஆதலால் சாய்கோட்டுடன் "ஆர்", முக்காற்புள்ளி, 1 எனவும், "டபிள்யூ", முக்காற்புள்ளி, 1 எனவும் சேர்த்தல் வேண்டும்; அப்போது ஒருமுறை மட்டும் மீண்டும் முயன்று அப்பாற் செல்லும். வன்வட்டிலிருந்து தட்டுவது போன்ற ஓசை எழுமானால், எக்கட்டளையும் இடாது கணினியை அணைத்து, தரவு மீட்பில் வல்லவரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

மூன்றாவதாகவே திருத்தம். அதிலும் மென்மையானது முதலில் வரல்வேண்டும். "செக்டிஸ்க்" எனும் கட்டளையை வட்டின் எழுத்துடன் மட்டும் இட்டால், அது குறைகளைப் பார்த்துச் சொல்லுமேயன்றி எதனையும் மாற்றாது. சாய்கோட்டுடன் "எப்" சேர்த்தால் கோப்பமைப்பின் பிழைகளைத் திருத்தும். "ஆர்" சேர்த்தால் வட்டின் பரப்பு முழுவதையும் சோதிக்கும். அதற்குப் பல மணிநேரம் ஆகலாம். நலிந்த வட்டுக்கு அது பெருஞ்சுமை. முறைமைக் கோப்புகள் சிதைந்திருப்பின் "எஸ்.எப்.சி." எனும் கட்டளை அவற்றை நல்ல பிரதிகளால் மாற்றும். தொடக்கக் கோப்புகளே கெட்டிருப்பின், "பி.சி.டி. பூட்" எனும் கட்டளையுடன் விண்டோஸ் உள்ள இடத்தைக் குறிப்பிட்டால், அவை புதிதாக எழுதப்படும். ஒவ்வொரு கட்டளைக்கும் திரை தரும் மறுமொழியைப் படித்த பின்னரே அடுத்ததை இடுக. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கட்டளைகளை இட்டால், முதற்குறை எது, நாம் விளைத்த குறை எது என்பது பின்னர் விளங்காது.

இவையனைத்தும் ஒரு தடையில் நின்றுவிடக்கூடும். இன்றைய கணினிகள் பலவற்றில் வன்வட்டு "பிட்லொக்கர்" எனும் பூட்டினாற் காக்கப்படுகின்றது. அதன் மீட்புத் திறவுகோல் 48 இலக்கங்களைக் கொண்டது. அது இன்றேல், மேற்கூறிய கட்டளைகளுள் எதுவும் அவ்வட்டின் உள்ளே செல்லாது. 2024 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியிலும், திறவுகோலைத் தேடுவதிலேயே பல நிறுவனங்களின் நேரம் கழிந்தது.

ஆகவே, கணினி நன்றாக இயங்கும் நாளிலேயே செய்யத்தக்கவை மூன்று. அத்திறவுகோலைத் தாளில் எழுதி வேறிடத்தில் வைத்தல், மீட்புக்குரிய யூ.எஸ்.பி. சாதனமொன்றை ஆயத்தஞ்செய்தல், முக்கிய கோப்புகளின் பிரதியை வெளி வட்டில் பேணுதல். இவற்றைச் செய்தபின்னரும் ஒருநாள் கணினி எழ மறுக்குமாயின், "அழித்துவிடலாமா?" என்று கேட்பவருக்கு உடனே இசைவு கொடாதீர்கள். "அறுந்த கண்ணி எது?" என்று அவரைக் கேளுங்கள். அதற்கு விடை கிடைக்கும்வரை உங்கள் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.