பல்லைப் பார்க்கும் நாக்கு

டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நாக்கு நுனியால் கீழ்முன்பற்களின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பலருக்கு அங்கே சொரசொரவென்று ஏதோ தட்டுப்படும். நாக்குக்கு அடியில் உமிழ்நீர் சுரந்து வரும் துளை அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்பு படிவதுபோல, எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அங்கே படிந்து இறுகிவிடுகிறது. பற்காரை என்பது இதுதான். கண்ணாடி முன் எவ்வளவு நேரம் நின்றாலும் இது கண்ணில் படுவதில்லை.

பார்வையற்ற குழந்தைகளின் பல்லைப் பற்றிப் பேச்செடுத்தால், "பாவம், கண்ணு தெரியாத பிள்ளை எப்படிப் பல் தேய்க்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்த இரக்கத்திலேயே சில வீடுகளில் பிள்ளை வளர்ந்த பிறகும் பெரியவர்களே தேய்த்துவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில், ஏதோ வாய் கொப்பளித்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நாம் யாருமே கண்ணால் பல் தேய்ப்பதில்லை என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. பிரஷ் கடைவாய்ப் பல்லின் உட்புறத்துக்குப் போகும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? கைக்குப் பழகிய தடம், நாக்குக்குத் தெரிந்த இடம், அவ்வளவுதான்.

அப்படியானால் பார்வை எங்கேதான் தேவைப்படுகிறது? முதலில், கற்றுக்கொள்ளும்போது. நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அப்பா வாயில் நுரையோடு நிற்பதைப் பார்த்து நாமும் குச்சியை வாயில் விட்டோம். பார்வையற்ற குழந்தைக்கு அந்த இலவசப் பாடம் கிடைப்பதில்லை. அதைக் கைக்கும் காதுக்கும் மாற்றித் தரவேண்டும். கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர்கள் 2012-இல் இதற்கென்றே ஒரு பயிற்சி முறையை வெளியிட்டார்கள். வாயால் விளக்குவது, பெரிய பல் மாதிரியைக் கையால் தடவிப் பார்க்க வைப்பது, அதன்மேல் பிரஷை ஓட்டிக் காட்டுவது, பிறகு பிள்ளை தன் பல்லை நாக்கால் தொட்டு உணர்வது என்று அது போகிறது.

வீட்டிலும் இது முடியும். பிள்ளையின் பின்னால் நின்று, பிரஷைப் பிடித்த அதன் கைமேல் நம் கையை வைத்து, ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றலாம். பேஸ்டைப் பிரஷில் வைப்பது சிரமமென்றால் பட்டாணி அளவு விரலில் எடுத்து நேராகப் பல்லில் தடவட்டும். தைலக் குழாயோடு குழம்பாமலிருக்க பேஸ்ட் குழாயில் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். தேய்ப்பதற்கு முன்பும் பின்பும் நாக்கால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பு இருக்கும் பிசுபிசுப்பு கிருமிகளின் படலம், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஏறும் பாசி மாதிரி. பின்பு கழுவிய பீங்கான் போல வழவழவென்று இருக்கவேண்டும். ஏழெட்டு வயதுவரை கடைசியில் பெரியவர் ஒருமுறை தேய்த்துவிடுவது நல்லது. கண் தெரியும் பிள்ளைக்கும் இதேதான்.

பார்வை தேவைப்படும் இரண்டாவது இடம் இன்னும் முக்கியமானது: கெடுதலின் முதல் அறிகுறி. சொத்தை குழியாகத் தொடங்குவதில்லை. ஈறோரத்தில் சுண்ணாம்பு தீற்றியதுபோல ஒரு வெள்ளைத் திட்டாகத்தான் ஆரம்பிக்கிறது. வலி இருக்காது, நாக்குக்கும் பிடிபடாது. ஃப்ளோரைடு கொடுத்து அதை அந்த நிலையிலேயே நிறுத்திவிடலாம். குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். அதனால் மாதம் ஒருமுறை பிள்ளையின் உதட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே சாய்கிற நாற்காலியும் இரைகிற கருவியும் திடீரென்று வந்தால் எந்தப் பிள்ளைதான் மிரளாது? முதலில் சொல்லி, கருவியைக் கையில் கொடுத்துத் தொடவிட்டு, அப்புறம் வாயில் வைக்கும் மருத்துவராகத் தேடிப் பிடியுங்கள். அந்த அலைச்சல் வீண்போகாது.

நாக்கு முந்திக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஈறில் ரத்தம் கசிந்தால் இரும்பு ருசி தெரியும். ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. இதையும் பால்பல் என்று நினைத்து நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். "அம்மா, பின்னாடி கூரா என்னமோ வருது" என்று பிள்ளை சொன்னால், டார்ச்சை எடுத்துக்கொண்டு வாருங்கள்.